தையல்காரியின் கடைசிப் பகுதி

மௌனவிரத மகாராணிக்கு,

சாப்பாடு அடுப்பில் இருக்கிறது. உப்பு அதிகம், என் கோபமும் அப்படித்தான்.

கிழிந்த வானத்துக்கு விண்கலத்தில் போய் ஒட்டுப்போடும் தையல்காரியைப் பற்றி நீ விடாமல் பார்க்கும் கார்ட்டூன் தொடரை உன் தங்கை முன்னால் பைத்தியக்காரத்தனம் என்றேன். வாபஸ் வாங்கமாட்டேன். “மரமண்டைக்கு என்ன புரியும்”னு நீ சொன்னதையும் மறக்கமாட்டேன்.

டிவியைப் போட்டால் பதினோராம் பகுதி முடிந்து நிற்கும். திருடன் வந்து பார்க்கவில்லை. முதுகுவலி என்று லீவு போட்ட இரண்டு நாளும் நான்தான் பார்த்தேன். நூல் தீர்ந்ததும் அவள் தன் கூந்தலைக் கத்தரித்து ஊசியில் கோத்தாளே, அங்கே மரமண்டை அழுதுவிட்டது.

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

பி.கு.: கடைசிப் பகுதியை என்னை விட்டுவிட்டுப் பார்த்துவிடாதே. ஆறு மணிக்கு வந்துவிடுவேன். பேச வேண்டாம், சோபாவில் கொஞ்சம் நகர்ந்துகொண்டால் போதும்.