துணிக்கு அந்தப் பக்கம்

பிப்ரவரி 4

இன்றும் வகுப்பில் பென்சிலைத் தொடவில்லை. தாளில் ஊசியால் குத்தி, நூல் இழுத்து ஒரு காது வரைந்தேன். காதுமடல் வளைகிற இடத்தில் துளைகள் நெருங்கிப்போய், தபால்தலை மாதிரி கிழிந்து, காது தனியாகக் கையோடு வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். "பத்திரமா வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. ஒட்டுக்கேக்க உதவும்."

கரிக்கட்டை சார் சிரிக்கவில்லை. எங்கள் ஓவிய ஆசிரியர். விரல்களில் எப்போதும் கரி, அதனால் அந்தப் பெயர். "இது தையலா, ஓவியமா? நீயே முடிவு பண்ணு. ஆனா மார்ச்சுக்குள்ள பண்ணு" என்றார். இறுதியாண்டுப் படைப்பை மார்ச்சில் ஒப்படைக்க வேண்டும். தேறாவிட்டால் இன்னொரு வருடம் இதே மேசை, இதே சிரிப்பு.

தையலா, ஓவியமா? தெரிந்தால் நான் ஏன் காதைக் கிழிக்கிறேன்?

பிப்ரவரி 7

தாளுக்கு ஒரு கும்பிடு. இனி துணி. கோராத் துணியைக் கதவளவு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி ஹாலில் நிறுத்திவிட்டேன். அம்மா இரண்டு முறை இடித்துக்கொண்டாள். "வீடா இது, நாடகக் கொட்டகையா?"

மாடல், அப்பா. லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள மாடியெல்லாம் ஏறி இறங்கியவர், வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். அசையவே முடியாத மாடல் யாருக்குக் கிடைக்கும்? இதை அவரிடமே சொன்னேன். முறைத்தார். முறைப்பும் நன்றாகத்தான் இருந்தது.

நானே வைத்துக்கொண்ட விதி: துணியில் பென்சில் கோடு கிடையாது. அப்பாவைப் பார்க்க வேண்டும், குத்த வேண்டும். அவ்வளவுதான்.

பிப்ரவரி 8

அவ்வளவுதான் என்று எழுதிய வாயை... சே, கையை!

சட்டம் பெரிது. கை சுற்றிவர எட்டாது. முன்னால் குத்திவிட்டுப் பின்னால் ஓடி இழுத்து, பின்னாலிருந்து குத்திவிட்டு முன்னால் ஓடிவந்து — நெற்றி முடிவதற்குள் எனக்கு முட்டி கழன்றுவிட்டது.

அக்கா அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன்டி செக்குமாடு மாதிரி சுத்துற? ஊசிய இந்தப் பக்கம் தள்ளு, நான் திருப்பித் தரேன்" என்று துணிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஆக, துணிக்கு இந்தப் பக்கம் அப்பாவும் நானும். அந்தப் பக்கம் அக்கா. அத்தான் வீட்டிலிருந்து அவள் பெட்டியோடு வந்து இறங்கிய நாள்முதல் அப்பா அவளிடம் பேசுவதில்லை. "திரும்பிப் போற வழியப் பாக்கச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா போய்ச் சொல்வாள். போவதற்குள் அக்காவுக்கே கேட்டிருக்கும், அடுத்த அறைதானே.

பிப்ரவரி 11

கோடு கோணல். நான் குத்துவது நான் நினைத்த இடத்தில். அது திரும்பி வெளியே வருவதோ அக்கா நினைத்த இடத்தில். "மேல, மேல, இன்னும் கொஞ்சம்" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

போதாததற்கு இவர்கள் இரண்டு பேர். அப்பா என்னிடம்: "பின்னாடி இருக்கறவங்கள நூலை இழுத்துப் பிடிக்கச் சொல்லு, தொங்குது." பின்னாலிருந்து: "முன்னாடி இருக்கறவர வாயை அசைக்காம உக்காரச் சொல்லு." நான் என்ன, தபால்காரியா?

பிப்ரவரி 12

தொண்டை இன்னும் சரியாகவில்லை. இன்று ஒன்றும் சொல்லாமல் தைத்தேன். அக்கா இஷ்டப்படி வரட்டும், பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 15

பிரிக்கவில்லை.

தூரப்போய் நின்று பார்த்தேன். அப்பாவின் தோளை நான் சின்ன வயதிலிருந்து வரைகிறேன், கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். கருவிப் பை தூக்கித் தூக்கி இறுகிப்போன, நேரான தோள். துணியில் அது நேராக இல்லை. கழுத்திலிருந்து இறங்கும்போது தயங்குகிறது, ஓரிடத்தில் நிற்கப் பார்க்கிறது, அப்புறம் சட்டென்று விழுகிறது. தப்பு என்று நினைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன். அப்பா அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்! எப்போதிலிருந்து? நான் எதைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தேன் இத்தனை நாளாக?

அக்காவுக்கு முன்பக்கம் தெரியாது. அவளுக்குத் தெரிவதெல்லாம் திருப்பிப்போட்ட தையலும் அப்பாவின் இருமலும்தான். பிறகு எப்படி? குருட்டு அதிர்ஷ்டமா? ஒன்றும் புரியவில்லை.

பிப்ரவரி 16

துணியைப் போனில் படம் எடுத்துக்கொண்டுபோய்க் கரிக்கட்டை சாரிடம் காட்டினேன். போனைக் கையில் வாங்கி, பெரிதாக்கி, தோளிலேயே நின்றார். "இந்தக் கோடு போன மாசம்வரைக்கும் உன்கிட்ட இல்ல. எங்க புடிச்ச?"

அக்கா பெயர் வாய்வரை வந்தது. "தெரியல சார்" என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை. "தெரியலன்னா நல்லது. இதையே பிடிச்சுக்கோ, விட்றாத" என்றார்.

வரும் வழியெல்லாம் குளுகுளு என்றிருந்தது. வீட்டு வாசலில் அக்காவைப் பார்த்ததும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 19

சோதனை. சின்னச் சட்டம், சின்னத் துணி, யாரும் வேண்டாம், நானே இரண்டு பக்கமும். அதே அப்பா, அதே தோள்.

செத்த கோடு. அளவெடுத்துத் தைத்த தலையணை உறை மாதிரி இருக்கிறது. வேண்டுமென்றே கோணலாகக் குத்திப் பார்த்தேன். அது இன்னும் கேவலம், நடிக்கிற கோணல்.

அப்போ என் கோடுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?

பிப்ரவரி 24

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

அப்பாவின் கைகளைத் தைத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று துணிக்குப் பின்னாலிருந்து அக்கா, ஏதோ கடையில் விலை கேட்கிற குரலில், "என் வேலைய விட்டது நான் இல்லடி" என்றாள்.

எந்த வேலை? மருந்துக்கடை வேலையா? அதைத்தான் அவளாக விட்டாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியுமே.

"உங்க அத்தான் போன் பண்ணி 'இனிமே வரமாட்டா'ன்னு சொல்லியிருக்கார். நான் காலைல சீருடை போட்டுட்டுப் போறேன், என் இடத்துல வேற பொண்ணு நிக்குது. வீட்டுக்கு வந்து கேட்டா, 'உன் நல்லதுக்குத்தான்'ங்கறார். என்னை ஒரு வார்த்தை கேக்கலையேன்னேன். 'இதுல கேக்க என்ன இருக்கு'ன்னார். அடிக்கல, திட்டல. அதனால யார்கிட்டயும் சொல்ல ஒண்ணும் இல்லாமப் போச்சு."

ஊசி வந்தது. குத்தினேன். ஊசி வந்தது. இது என்னிடம் சொன்னதா? என்னிடம் என்றால் எங்கள் அறையில் சொல்லியிருக்கலாமே. அப்பா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, "கழுத்து வலிக்குது. இன்னைக்குப் போதும்" என்றார். என்னிடம்தான்.

பிப்ரவரி 27

அப்பா உட்கார மாட்டேன் என்கிறார். கழுத்து வலியாம்.

மார்ச் 3

அத்தான் ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம், அக்காவைக் கூட்டிக்கொண்டு போக. அம்மா போனில் "சரிங்க மாப்பிள்ளை, சரிங்க மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னாள். அக்கா துணி மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள்.

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அக்கா என்ன பாடு படுவாளோ என்று தோன்றவில்லை. இடது கை இன்னும் முடியலையே, யார் பின்னாடி உக்காருவா? இதுதான் தோன்றியது. நான் ஒரு ஜென்மம்!

"போகாதே"ன்னு சொல்லணும். ஆனா யாருக்காகச் சொல்றேன்? அவளுக்காகவா, அப்பாவோட இடது கைக்காகவா? இது தெரியாம வாயத் திறக்க முடியல.

மார்ச் 8

அத்தான் சொன்ன நேரத்துக்கு வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. அவர் நுழைவதற்குச் சற்று முன்புதான் அப்பா, பத்து நாளாக உட்கார மாட்டேன் என்றவர், தானாக நொண்டிவந்து ஜன்னல் நாற்காலியில் உட்கார்ந்து, "என்ன, படம் போடலையா?" என்றார். அக்கா பின்னால் போனாள். நான் ஊசியை எடுத்தேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அத்தான் துணியைப் பார்த்துப் பேசினார். "கிளம்பலாமா?"

துணி பதில் சொல்லவில்லை. ஊசி மட்டும் வந்தது.

"மாமா, நீங்களாவது சொல்லுங்க."

அப்பா தலையைத் திருப்பாமல், உதட்டை மட்டும் அசைத்து, "நான் அசையக்கூடாது மாப்பிள்ளை. ஊசி அவ கையில இருக்கு" என்றார்.

இதற்கு மேல் ஒரு மனிதர் என்ன செய்வார்? காபி குடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா இன்னொரு காபி கொடுத்தாள். அதையும் குடித்தார். போகும்போது "யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். சட்டையில் அப்போதும் ஒரு சுருக்கம் இல்லை.

அவர் போனதும் அப்பா அக்காவிடம் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "சாப்பாடு ஆச்சான்னு கேளு" என்றார். என்னிடம்! ஐயோ கடவுளே, இந்த மனுஷனை என்ன செய்வது?

இடது கை முடிந்தது.

மார்ச் 14

ஒப்படைக்கும் தாளில் ஒரு வரி இருக்கிறது: 'இப்படைப்பு முழுவதும் என் கையால் ஆனது.' கீழே கையெழுத்து.

அக்காவிடம் காட்டினேன். "போடுடி. நான் என்ன வரைஞ்சேன்? ஊசி வாங்கிக் கொடுத்த ஆள்."

"நீ குத்தின இடமெல்லாம்?"

"நீ எங்க குத்தினியோ அதுக்குப் பக்கத்துல குத்தினேன். அவர் இருமினா கொஞ்சம் நின்னேன். பெருமூச்சு விட்டா கொஞ்சம் கீழ போனேன். அது ஒரு வரையறதா?"

அதுதான்டி வரையறது என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. மூன்று வருடம் படித்தும் அப்பாவின் பெருமூச்சு எனக்குக் கேட்கவே இல்லையே. கையெழுத்துப் போடும் பேனாவை மூடிவைத்துவிட்டேன்.

மார்ச் 20

சொல்லிவிட்டேன்.

நேர்முகத்தில் கரிக்கட்டை சார், இன்னும் இரண்டு பேர். "உள்ளே போற புள்ளி என்னோடது. வெளியே வர்ற புள்ளி எங்க அக்காவோடது. பாதி அவங்க" என்றேன். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொருவர் "அப்போ இது உன் வேலை இல்லையே" என்றார். "இல்லன்னும் சொல்ல முடியல, ஆமான்னும் சொல்ல முடியல சார்" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கர்மம்.

முடிவு இது: பெரிய துணிக்கு மதிப்பெண் கிடையாது. இரண்டு பெயரோடு கண்காட்சியில் வைக்கலாம். மதிப்பெண்ணுக்குத் தனியாகச் செய்த சின்னத் துணியைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அந்தச் செத்த கோட்டை!

வெளியே வந்தபோது சார், "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். கோபமா, வருத்தமா, தெரியவில்லை.

மார்ச் 26

தேறிவிட்டேன். ஒட்டித் தேறியிருக்கிறேன், தேர்ச்சிக்கு என்ன வேண்டுமோ அவ்வளவுதான். பக்கத்து மேசைக்காரி முதலிடம். அழலாமா சிரிக்கலாமா என்று இருக்கிறது.

மார்ச் 27

பெயரட்டை எழுத உட்கார்ந்தேன். என் பெயரை எழுதினேன், அப்பாவின் இனிஷியலோடு. அக்கா பெயருக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் அத்தானின் எழுத்தைத்தான் முன்னால் போடுகிறாள். அதைப் போட எனக்கு மனசு வரவில்லை. அப்பாவின் எழுத்தைப் போடலாம் — பேசவே பேசாத மனுஷனோட எழுத்தை எடுத்துக் கொடுக்க நான் யாரு?

அக்காவையே கேட்டேன். "மொட்டையா போடு. முன்னாடி ஒருத்தர் நின்னாத்தான் பேரா?" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். ஆனால் அட்டையில் என் பெயருக்குக் கீழே அவள் பெயரைப் பார்த்தால், யாரோ வெளியாள் மாதிரி இருந்தது. அவளும் பார்த்தாள்.

மார்ச் 30

கண்காட்சி. அப்பா மாவுக்கட்டு பிரித்த காலோடு, ஊன்றுகோல் வைத்துக்கொண்டு வந்தார். துணிமுன் நின்றார். "மூக்கு இவ்வளவு பெருசா?" என்றார். அப்புறம் தோளைப் பார்த்தார். தன் தோளைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார், நான் பார்க்கவில்லை என்று நினைத்து.

பிறகு குனிந்து பெயரட்டையைப் படித்தார். இரண்டு பெயர்கள். படித்து முடிக்க அவ்வளவு நேரம் ஆகாது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார். அக்கா பெயருக்கு முன்னால் இருந்த வெற்றிடத்துக்குப் பேனா போனது. எழுதாமல் அங்கேயே நிறுத்தினார்.

என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்து, "என் எழுத்தைப் போடலாமாம்மா?" என்று கேட்டார்.

ஊன்றுகோல் வழுக்காமல் இருக்க அக்கா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "நேரா போடுங்கப்பா" என்றாள்.

கோணலாகத்தான் வந்தது.