அறுத்த குழாய்

14.12.2024

அன்புள்ள தம்பி திருமூர்த்திக்கு,

அக்கா சாரதாமணி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் இத்தனை முறை என் போனைக் கட் பண்ணத் தெம்பு இருக்காதே! அதனால்தான் பால்கார அங்கமுத்துவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் ஊர்த் தண்ணீர்க் குழாயை மாற்றுகிறார்கள். உன் பனியன் கம்பெனி வாசலைத் தோண்டிப் போட்டார்கள் என்றுதானே என்னோடு பேச்சை நிறுத்தினாய்? எல்லாம் அப்பா காலத்தில் புதைத்த ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய். வாரம் ஒரு இடத்தில் உடைந்து சாக்கடையும் கலந்து வந்தது. கவுன்சிலரான நாளிலிருந்து நான் கத்திக் கத்தி, இப்போதுதான் பிளாஸ்டிக் குழாய் வருகிறது. பழையதை நனைத்து, கவர் போட்டுச் சுற்றி, அதற்கென்று உள்ள இடத்தில் புதைக்க வேண்டும் என்றார் இன்ஜினியர். மண்ணுக்குள் ஈரத்தோடு கிடக்கும்வரை பெரிய பயமில்லையாம். காய்ந்த குழாயை அறுத்தால்தான் ஆபத்து. அந்தத் தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் வெளியே வராதாம்.

அந்தப் பழைய குழாயில் இரண்டு லோடு உன் கம்பெனியில் இறங்கியதாகக் கேள்விப்பட்டேன். நிஜமா கண்ணு? அப்படியென்றால் தொடாதே. நானே ஆள் வைத்து எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா

17.12.2024

அக்கா அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது.

குழாய் என்னிடம்தான் இருக்கிறது. அதற்கென்ன? கான்ட்ராக்டர் ஆள் சும்மா கொடுத்தான், வாங்கிக்கொண்டேன். ஜனவரியில் என் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் ஆடிட்டுக்கு, கம்பெனியைச் சோதித்துப் பார்க்க வருகிறார்கள். துணி ரோல் ஒன்றுகூடத் தரையில் இருக்கக் கூடாது என்கிறார்கள். குழாயை முழ நீளத்துக்கு அறுத்து, பெயிண்ட் அடித்து நிறுத்தி, மேலே பலகை போட்டால் அருமையான ஸ்டாண்ட். யோசனை நம் யாழினியுடையது. என் மகளாயிற்றே! டேப்பைப் பிடித்துக்கொண்டு குழாய் அறுக்கிற கிரைண்டர் மெஷின் பக்கத்திலேயே நின்று அளவு சொன்னாள். வெளியே வந்தபோது தலை, புருவம் எல்லாம் வெள்ளை. "என்ன கண்ணு, மாவு மில்லுல இருந்தா வர்ற?" என்றேன். கம்பெனியே சிரித்தது. துணித் தூசிக்கு அடிப்பதுபோல காற்றைப் பீய்ச்சும் ஏர் கன்னை மேலே அடித்து உதறிக்கொண்டாள். இன்னும் பாதிக் குழாய் மீதி இருக்கிறது.

அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடித்துத்தான் நாம் வளர்ந்தோம். அம்மா எண்பது வயது வரை திடமாக இருந்தாள். உங்கள் மாட்டுக் கொட்டகைக் கூரையும் அதே சரக்குதான். முதலில் அதைப் பாருங்கள்.

இப்படிக்கு,
திருமூர்த்தி

21.12.2024

தம்பி,

மாவு மில் என்று நீ சிரித்து எழுதியிருப்பது அந்தத் தூசியைத்தானடா. அதன்மேல் ஏர் கன் வேறா? ஐயோ சாமி, உனக்கு என்னடா ஆயிற்று?

அம்மா தண்ணீரைக் குடித்தாள், தூசியை மூச்சில் இழுக்கவில்லை. என் கொட்டகைக் கூரை உடையாமல் அப்படியே இருக்கிறது. அதை அறுத்து நான் யார் முகத்திலும் ஊதவில்லை. உன்னிடம் கிரைண்டர் பிடிக்கும் பீகார்ப் பையனுக்கும் ஊரில் ஒரு அம்மா இருப்பாளே.

வருகிற வெள்ளிக்கிழமை பேரூராட்சிக் கூட்டம். குழாயையெல்லாம் முறையாகப் புதைத்துவிட்டதாகக் கான்ட்ராக்டர் சொல்கிறார். பொய் என்று நான் எழுந்தால், எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். உன் பெயரைச் சொல்ல வேண்டி வரும். ஆடிட் நேரம் என்று தெரியும். அறுப்பதை நிறுத்திவிட்டேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியனுப்பு. இல்லாவிட்டால் சொல்லிவிடுவேன். என்னைக் கோபித்துக்கொள், பரவாயில்லை. யாழினி எனக்கும் பிள்ளைதான்.

அக்கா

11.01.2025

அக்காவுக்கு,

சொன்னபடியே கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிவிட்டீர்கள். பேரூராட்சி ஆட்கள் வந்தார்கள். குழாய் அறுத்த கட்டிங் செக்‌ஷனைப் பூட்டி, எல்லாவற்றையும் நனைத்துச் சுற்றி எடுத்துப் போனார்கள். பையர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில், உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்த அங்கமுத்துவிடம் பாலே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்காவுக்கு இந்த வருஷம் பொங்கல் சீர் கிடையாது என்று வீட்டிலும் சொல்லியாயிற்று.

அறுக்கும்போது பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரையும் நெஞ்சு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று வந்த ஆட்கள் சொன்னார்கள். நேற்று யாழினியையும் கிரைண்டர் பிடித்த பையனையும் கோயமுத்தூர் கூட்டிப் போனேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். "அப்ப பயமில்லீங்களா?" என்று கேட்டேன்.

"இப்பத் தெரியாதுங்க. நோய் வர்றதா இருந்தா இருபது முப்பது வருஷம் கழிச்சுத்தான் தெரியும். கொஞ்ச நாள் பட்ட தூசிதானே, ஒண்ணும் வராதுன்னு நம்புவோமுங்க."

நம்புவோமாம். யாழினிக்கு இருபத்து நான்கு வயது, எனக்கு அறுபது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொள்ள நான் இருக்க மாட்டேன் அக்கா. உங்கள் கடிதம் வந்த பிறகும் வீம்புக்கு அறுக்கச் சொன்னேன். அப்போதும் அவள்தான் டேப்பைப் பிடித்தாள்.

சீரை அங்கமுத்துவிடம் கொடுத்தனுப்பப் போவதில்லை. பொங்கலன்று நானே கொண்டு வருகிறேன், யாழினியும் வருவாள். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். அவள் எதிரில் மட்டும் மாவு மில் பேச்சை எடுக்க வேண்டாம். அவள் இன்னும் அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் தம்பி,
திருமூர்த்தி