வேதம் வருகிறது, காபி வரவில்லை

மார்ச் 4, செவ்வாய்

என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிற பல் டாக்டர் இன்றும் கிளட்சைப் பட்டென்று விட்டாள். வண்டி குலுங்கி நின்றது. வண்டியிடம் மன்னிப்புக் கேட்டாள். க்ளினிக்கில் ஊரையே வாயைத் திற என்று அதட்டுகிறவள், ஸ்டியரிங்கைத் தொட்டால் பூனைக்குட்டி ஆகிவிடுகிறாள். டிரைவிங் ஸ்கூல் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் இருப்பதால் நான் உயிரோடு இருக்கிறேன்.

சாயந்திரம் இவருக்கு ஒரு வங்கியில் சொற்பொழிவு. வழக்கமான தலைப்புதான்: "பழைய மறைகளும் இன்றைய வாழ்க்கையும்." கிளம்பும்போது மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். நான்தான் ஒளித்து வைத்தேன் என்கிற அளவுக்குப் போய்விட்டது. சட்டைப் பையில் இருந்தது. அதன்பிறகு போய், எது நடந்தாலும் கலங்காத மனம் என்பதைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். நல்ல கைதட்டலாம்.

மார்ச் 7

இவர் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். எழுத வரவில்லை.

மார்ச் 12

பெரிய டாக்டர் உட்கார வைத்து விளக்கினார். மூளையில் இடது பக்கம் அடைப்பு. வலது கை பலவீனம், அது தேறிவிடும். பேச்சு — "பார்க்கலாம்." டாக்டர்கள் பார்க்கலாம் என்கிறார்கள், எதைப் பார்ப்பது என்று சொல்வதில்லை.

பேனாவைக் காட்டி இது என்ன என்று இவரிடம் கேட்டார். வாயைத் திறந்தார், மூடினார். என்னைக் காட்டி இவங்க யார் என்று கேட்டார். இவர் என்னையே பார்த்தார். என்னைத் தெரிகிறது, அது கண்ணில் இருக்கிறது. வார்த்தைதான் இல்லை. மறுபடி திறந்தார், மூடினார். பேச்சே தொழிலாக இருந்த மனுஷன். என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை.

மார்ச் 13

காலையில் நர்ஸ் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். இவர் திடீரென்று ஓத ஆரம்பித்தார். கணீரென்று, ஏற்ற இறக்கம் பிசகாமல், ஓர் அத்தியாயம் முழுவதும். நர்ஸ் தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். முடிந்ததும் நான் குனிந்து, காபி வேணுமா என்று கேட்டேன். வாயைத் திறந்தார். மூடினார்.

டாக்டர் ஆச்சரியப்படவே இல்லை. மனப்பாடம் செய்தது வேறு அறையில் இருக்கும், அந்த அறைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்.

மகள் போனில் அழுதுகொண்டே அப்பா எப்படி இருக்கார் என்றாள். வேதம் வருகிறது, காபி வரவில்லை என்றேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

மார்ச் 26

வீட்டுக்கு வந்துவிட்டோம். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வாரத்தில் சில நாள் வருவாள். டீச்சர் என்று கூப்பிடுகிறேன். படம் போட்ட அட்டைகள் கொண்டுவருகிறாள். வாழைப்பழம், சீப்பு, பேருந்து. உபநிடதங்களை நடத்தின மனுஷன் சீப்பு அட்டையைப் பார்த்து வியர்க்கிறார்.

ஏப்ரல் 2

இவர் மேடையில் சொல்லுகிற ஒரு கதை ஞாபகம் வந்தது. உபநிடதத்தில் இருக்கிறதாம். உடம்பில் இருக்கிற பேச்சு, கண், காது, மனம் எல்லாம் யார் பெரியவர் என்று சண்டை போட்டுக்கொள்கின்றன. பேச்சு கோபித்துக்கொண்டு ஒரு வருஷம் வெளியே போய்விடுகிறது. திரும்பி வந்து, நான் இல்லாமல் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கிறது. ஊமை இருப்பதுபோல இருந்தோம், மூச்சு விட்டோம், பார்த்தோம், கேட்டோம், ஒன்றும் குறையவில்லை என்கின்றன மற்றவை. இந்த இடத்தில் கூட்டம் சிரிக்கும். கடைசியில் மூச்சுதான் பெரியது என்று முடியும்.

நன்றாகத்தான் இருக்கிறது. அந்த உடம்புக்குச் சொந்தக்காரனின் பெண்டாட்டி அந்த ஒரு வருஷம் என்ன செய்தாள் என்று கதையில் இல்லை. இவரைக் கேட்கலாம் என்று பார்த்தால் — சரி.

ஏப்ரல் 9

இவரை வீட்டில் தனியாக விட முடியாது. பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு வகுப்பு எடுக்கிறேன். சிக்னலில் நின்றோம். முன்னால் லாரி. காத்திருக்கிற நேரத்தில் என்னை அறியாமல் இவர் தினம் காலையில் ஓதுகிற ஏதோ ஒன்றை முணுமுணுத்தேன். முப்பது வருஷமாகக் காதில் விழுகிறது, அர்த்தம் தெரியாது, நடுவில் ஒரு வரியை விழுங்கிவிட்டேன் போலிருக்கிறது.

பின்னாலிருந்து, "தப்பு" என்று சத்தம்.

பல் டாக்டர் கியரிலிருந்து கையை எடுத்துவிட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். இவரும் திகைத்துப்போய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்த நாளிலிருந்து இவர் வாயில் வந்த முதல் சொந்த வார்த்தை. பச்சை விழுந்து பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். நான் அழுதுகொண்டு முதல் கியர் போடச் சொன்னேன்.

தாலி கட்டின பெண்டாட்டி பெயர் வரவில்லை, அவள் செய்த தப்பு வருகிறது. புருஷன் புருஷன்தான்.

ஏப்ரல் 11

டீச்சரிடம் சொன்னேன். எப்படி இவ்வளவு மனப்பாடம் செய்தார் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒரு எழுத்தும் தொலைந்துவிடக் கூடாது என்று அந்தக் காலத்தில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். இரண்டு வார்த்தையை எடுத்துக்கொண்டு, முன்னே சொல்லி, பின்னே சொல்லி, மறுபடி முன்னே சொல்வது. பிறகு இரண்டாவது வார்த்தையையும் மூன்றாவதையும் அதேபோல. கல்யாணமான புதிதில் எனக்கு இது வண்டியை ரிவர்ஸ் பார்க்கிங் போடுவதுபோலக் கேட்கும்.

டீச்சர் அட்டைகளைக் கீழே வைத்துவிட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, இவர் ஓதுகிற அதே ராகத்தில் வீட்டு வார்த்தையைப் போட்டுப் பாருங்க ஆன்ட்டி என்றாள்.

போட்டேன். "காபி கொடு, கொடு காபி, காபி கொடு." எனக்கே வெட்கமாக இருந்தது. இவர் ஏதோ அபசாரம் நடந்ததுபோல என்னைப் பார்த்தார். ஆனால் உதடு அசைந்தது. மூன்றாம் தடவை கூடவே வந்தார். சுதி என்னைவிட நன்றாக இருந்தது.

காபி கொடுத்தேன்.

ஏப்ரல் 20

"ஜன்னல் திற, திற ஜன்னல், ஜன்னல் திற." "சட்டை எடு, எடு சட்டை, சட்டை எடு." வீடு முழுக்க இதுதான். எதிர்வீட்டுக்காரி இது எதற்கான மந்திரம் என்று கேட்டாள். சட்டைக்கு என்றேன்.

ஏப்ரல் 27

சபைச் செயலாளர் வந்தார். இவர் சொற்பொழிவுக்கெல்லாம் ஏற்பாடு செய்கிறவர். மைக் இல்லாதபோதும் மைக் இருப்பதுபோலவே பேசுவார். இவரைப் பார்த்து எப்படி இருக்கீங்க என்று கேட்டார். இவருக்கு அவசரம், வார்த்தை வரவில்லை, வாயில் வந்த ஸ்லோகத்தைச் சொன்னார். செயலாளர் கண்ணை மூடிக் கேட்டார். அடுத்த கேள்வி கேட்டார். இவர் இன்னும் வேகமாக, கையை ஆட்டி, வேறொன்றைச் சொன்னார். செயலாளர் போனை எடுத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தார்.

"அம்மா, உங்களுக்குப் புரியலை. இவருக்கு இனிமே சாதாரணப் பேச்சே தேவையில்லை. அந்தப் படியைத் தாண்டிட்டார்."

"அவர் பாத்ரூம் போகணும்," என்றேன்.

அழைத்துக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது செயலாளர், கோயிலுக்குள் வந்தவர்போல, காலிலிருந்த செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே வைத்திருந்தார்.

மே 3

ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். தரையில் உட்காருகிறார்கள். ஒருவர் வேலை போய்விட்டது என்றார், ஒரு பெண் மருமகளைப் பற்றிச் சொன்னாள். இவர் ஓதுகிறார். அழுகிறார்கள், மனம் லேசாகிவிட்டது என்கிறார்கள். லேசானது பொய்யில்லை, முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. நான் என்ன சொல்ல?

மே 8

டீச்சரைப் பார்த்ததும் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அட்டையும் வேண்டாம், "காபி கொடு"வும் வேண்டாம். கூடத்தில் பத்துப் பேர் காலடியில் உட்கார்ந்திருக்கும்போது, உள்ளே வந்து சீப்பு என்று திக்க யாருக்குத்தான் பிடிக்கும்?

வாசலில் டீச்சர் மெதுவாகச் சொன்னாள். "ஆன்ட்டி, இந்த சில மாசம்தான் முக்கியம். ஓதுறது அவருக்கு சுகமா இருக்கு. அங்கேயே இருந்துட்டார்னா பேச்சு திரும்பி வராம போயிடலாம்."

ஜன்னலைத் தானே எழுந்து திறந்துகொள்கிறார். என்னைக் கேட்பதில்லை.

மே 14

செயலாளர் பெரிய அரங்கம் எடுத்திருக்கிறார். பதினெட்டாம் தேதி. வாசலில் பேனர், "வாக்கே வேதமானவர்" என்று. பழைய தலைப்பு கீழே சின்ன எழுத்தில். எனக்கு முன்வரிசையில் இடமாம். நன்றி என்றேன். வேறு எங்கே உட்கார வைப்பார்கள், மேடையிலா?

மே 16

இன்று கத்திவிட்டேன். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, போதுமா, இன்னும் வேணுமா, ஒரு வார்த்தை சொல்லுங்க என்றேன். கண்ணை மூடிக்கொண்டு ஓத ஆரம்பித்தார். எனக்கும் ஸ்லோகமா? நானும் பக்தையா? தாங்கலை.

"முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் பேசுனீங்க. எனக்குன்னு ஒரு வார்த்தை மிச்சம் வைக்கலையா? எனக்கு மோட்சம் வேண்டாங்க. உப்பு போதலைன்னு சொல்லுங்க, அது போதும்."

ஓதுவது நடுவில் நின்றது. ஓத ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது என்பார், குழந்தை பிறந்த சேதி வந்தபோதுகூட முடித்துவிட்டுத்தான் எழுந்தார். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன், சத்தத்துக்காக.

மே 18, ஞாயிறு

அரங்கம் நிரம்பி வழிந்தது. பல் டாக்டர் தானே கார் ஓட்டி வந்திருந்தாள். அவளுக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது, அதற்கும் இவர்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் வெறுமனே சொல்லிக்கொடுத்தவள்.

செயலாளர் நெடுநேரம் பேசினார். பேசாமல் இருப்பதன் பெருமையைப் பற்றி. பிறகு மைக்கை இவர் முன்னால் வைத்தார்கள். இவர் ஓதினார். நன்றாக ஓதினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். எனக்கே உடம்பு சிலிர்த்தது. அந்தக் குரலுக்குத்தான் நான் கழுத்தை நீட்டினேன்.

பாதியில் நிறுத்தினார். கூட்டம் காத்திருந்தது. முன்வரிசையில் என்னைத் தேடிப் பிடித்தார். வாயைத் திறந்தார், மூடினார். எனக்கு அந்த அசைவு தெரியும். என் பக்கத்துப் பிரேக்கை மிதிப்பதுபோலக் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டேன்.

அதே ராகத்தில், மெதுவாக: "வா போலாம். போலாம் வா. வா போலாம்."

அது டீச்சர் சொல்லிக்கொடுத்ததில்லை. நானும் சொல்லிக்கொடுக்கவில்லை. இவரே சேர்த்தது.

அரங்கம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு திரும்பச் சொன்னது. வா போலாம், போலாம் வா, வா போலாம். செயலாளர் இரண்டு கையையும் தூக்கிச் சொன்னார். ஆனால் எழுந்து போனது நாங்கள் இரண்டு பேர்தான். பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து காரில் ஏறி, தெருமுனை திரும்புகிறவரை உள்ளே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

காரில் என் கையைப் பிடித்துக்கொண்டார். கியர் மாற்ற வேண்டும், விடுங்க என்றேன். விடவில்லை. இரண்டாவது கியரிலேயே வீடு வந்து சேர்ந்தோம்.

மே 19

டீச்சர் வந்தாள். சீப்பு என்றார், திக்கி, வியர்த்து.

ஜூன் 15

வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இவர் வாழைப்பழம், பேருந்து என்று திக்குவதைப் பார்த்து ஒருவர் வருத்தப்பட்டார். படியிறங்கிவிட்டார் என்று செயலாளர் வெளியில் சொல்கிறாராம். சொல்லட்டும். காலையில் ஓதுவது மட்டும் நிற்கவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. ஓதி முடித்த சூட்டோடு வார்த்தைகள் கொஞ்சம் சுலபமாக வருகின்றன. பழைய மறைகள் இன்றைய வாழ்க்கைக்கு உதவுமா என்று யாராவது கேட்டால், எங்கள் வீட்டில் காலை காபிக்கு உதவுகின்றன என்பேன்.

ஜூலை 6

ராகம் இல்லாமலும் சிலது வருகிறது. என் பெயர் வந்தது. நடு எழுத்து இல்லாமல்.

ஆகஸ்ட் 23, சனி

இன்று சண்டை. பெரிய விஷயம் ஒன்றுமில்லை, ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டார். நான் சொன்னேன். இவர் பதில் சொன்னார். நான் அதற்குப் பதில் சொன்னேன். இவருக்கு அடுத்த வார்த்தை கிடைக்கவில்லை. தவித்தார். எடுத்துக் கொடுக்கக் கூடாது, அவரே தேடட்டும் என்பது டீச்சர் உத்தரவு. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எதிராளி வார்த்தை தேடி முடிக்கட்டும் என்று காத்திருந்து சண்டை போடுவது பெரிய கஷ்டம், கோபம் ஆறிவிடும் போலிருந்தது.

கிடைத்துவிட்டது. "நீ... எப்பவும்... இப்படித்தான்," என்றார். முன்னே பின்னே போகாமல், நேராக.

எனக்குச் சுரீரென்று வந்தது. நான் எப்படி, சொல்லுங்க, நான் எப்படி என்று கேட்டேன். துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வேண்டுமென்றேதான்.