மையவாடி ஏற்றத்தில் நோகும் கால்

என் உயிர் நானா,

உங்கள் மேல் ஸலாம் உண்டாகட்டும். இங்கே அலவத்துகொடையில் எல்லோரும் சுகம், என் வலது கெண்டைக்காலைத் தவிர. சிரிக்காதீர்கள். "நீ ஓடுறயா, கால இழுத்துக்கிட்டு வாரயா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது.

நீங்கள் மவுத்தாகி எங்களை விட்டுப் போன பிறகும் விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு ஓடத்தான் செய்கிறேன். கூடப்பிறந்த மூத்தவர் நீங்கள் துணைக்கு வந்ததால்தானே உம்மா என்னை ரோட்டில் ஓட விட்டார்? "பொம்புளப் புள்ளக்கி ஓட்டமென்ன?" என்று மாமி முறைத்தபோது, "அவளோட ஓட எனக்குத்தான் ஏலா, மாமி" என்று பச்சைப் பொய் சொல்லி வாயடைத்தீர்களே. இப்போது உம்மா ஏனோ தடுப்பதில்லை. ஸ்கூல் மைதானத்தைச் சுற்றுகிறேன் என்று நினைத்திருந்தார். நான் போவது உங்களை அடக்கிய மையவாடிப் பக்கம்.

வேறு எங்கே உங்களைத் தேடி வர? ஜும்ஆ முடிந்ததும் வாப்பாவும் சாச்சாவும் உங்கள் கப்ரடிக்கு வந்து ஸலாம் சொல்கிறார்கள். நம் ஊரில் பெண்கள் உள்ளே வருவதில்லை. எனக்குக் கிடைப்பது அந்த மதிலோர ரோடு மட்டும்தான். மதில் தொடங்கும் இடத்தில் ஸலாம் சொல்லி, முடிவதற்குள் வீட்டுப் புதினம், ஊர்ச் செய்தியெல்லாம் உங்களிடம் கொட்டிவிட வேண்டும். நின்றால் யாராவது பார்ப்பார்கள், என்ன ஏதென்று கேட்பார்கள். ஓடுகிறவளை யார் கேட்கப்போகிறார்கள்?

அந்த ஏற்றம்தான் காலைப் பிடித்துக்கொண்டது. நோவு தொடங்கியதும் உங்கள் அலுமாரியைத் திறந்து அந்தக் கம்ப்ரெஷன் ஸ்லீவை எடுத்து மாட்டினேன். முழங்காலுக்குக் கீழே கணுக்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் கறுப்பு உறை. "சொக்ஸுட பாதத்த வெட்டிட்டா வித்தாங்க?" என்று உம்மா கேட்டு உங்களைச் சிரிக்க வைத்தாரே, அதுதான். ஆனால் உங்கள் கால் எங்கே, என் கால் எங்கே! பாதி வழியிலேயே வழுகிச் சுருண்டுவிடும். இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு ஓடினேன். நீங்கள் போட்டது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

நொண்டத் தொடங்கியபின் கண்டியில் ஒரு பிசியோதெரபி மிஸ்ஸிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர். கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார், உறைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இது ஆற்றை?" யாருடையது என்று கேட்கிறார்.

"எங்கட நானாட."

"உங்கட காலுக்குப் பெரிசு. அளவானதைப் போட்டாலும் கொஞ்சம் இதமா இருக்கும், அவ்வளவுதான். நோவு மாற வேணுமெண்டால் கொஞ்ச நாளைக்கு ஓடாதையுங்கோ. நோகாத அளவுக்கு நடவுங்கோ."

ஓடாமல் இருப்பதா? அப்படியென்றால் உங்களிடம் எப்படி வருவது? நடந்து போகிறவளை நிறுத்திக் கேட்பார்களே. அங்கேயே அழுதுவிட்டேன், நானா. நோவில் அழுகிறேன் என்று நினைத்து அந்த மிஸ் ஐஸ் எடுத்துவர ஓடினார்.

வீட்டுப் படியேறும்போதே நான் நொண்டுவதை உம்மா கண்டுவிட்டார்.

"எங்க மக நோவுது?"

"கெண்டைக்கால்ல."

"எந்த எடத்துல ஓடி வந்த நோவு?"

எனக்குப் பொய் வரவில்லை. "மையவாடி ஏத்தத்துல, உம்மா."

ஏசுவார் என்றுதான் நினைத்தேன். உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ மட்டும் போய்ப் போய் வந்தீக்கிற," என்றார். "எனக்கு ஒரு வார்த்த செல்லலியே." நெடுநேரம் என் காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "ஓடத்தான் எனக்கு ஏலா. நடக்க ஏலும்," என்றார்.

இன்று காலை இருவருமாக நடந்து வந்தோம். அரைவாசி ஏற்றத்தில் உம்மா மதிலில் கையை வைத்து நின்றுவிட்டார். பால் எடுக்கப் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உம்மா அசையவில்லை. "மகன், உம்மா வந்தீக்கிறேன்," என்று சத்தமாகவே சொன்னார்.

உங்களுக்குக் கேட்டதா, நானா?

கால் சுகமாகும்வரை ஓட மாட்டேன், உங்களுக்கு வாக்குத் தருகிறேன். உம்மாவை நாளைக்கும் கூட்டி வருவேன். அவருக்கு உங்களிடம் சொல்ல நிறைய இருக்கிறது. அவர் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பேன், அவசரப்படுத்த மாட்டேன்.

உங்கள் உம்மாவின் மற்றப் பிள்ளை,
உங்கள் தங்கச்சி