அப்பா நிறுத்திய காப்பி

விருதுநகர்,
14-10-1963

அன்புள்ள மகன் காளிராஜுக்குச் சித்தி எழுதுவது. கடல் தாண்டி அந்த மலையடியில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மன் துணையிருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதியே பழகிவிட்டேன், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. இருக்கிறவர்கள் இருக்கிறோம்.

அப்பா போன சேதிக்கு நீ அடித்த பதில் தந்தி கிடைத்தது. உடனே புறப்படவா என்று கேட்டிருந்தாய். பதில் சொல்லும் முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மத்தியானம் மண்டியில் போடிக்காரர் ஒருவரோடு காப்பிக்கொட்டை விலை பேசிக்கொண்டிருந்த அப்பா, மார் வலிக்கிறது என்று திண்டில் சாய்ந்தார், டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நீ வரும்வரை வைத்திருக்க வழியில்லாததால் பெரியப்பா மகன் சங்கரலிங்கம்தான் கொள்ளி வைத்தான். குறையில்லாமல் செய்தான், அவனுக்கு நீ ஒரு வரி எழுது. உன் அக்கா பொன்னுத்தங்கம் பிள்ளைகளோடு இன்னும் இங்கேதான் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குச் சிவகாசியில் தீபாவளி சீசன், லோடு ஏறுகிற நேரம், பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்ததும் பஸ் ஏறிவிட்டார். பட்டாசுக் கம்பெனிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், இந்த வருஷம் நமக்கு வெடி இல்லை என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

இனி நான் எழுதப்போவது உனக்குத் தெரியாதது. ஜெர்மனியில் அச்சு வேலை படித்துவிட்டு ஊருக்கு வராமல், ஆப்பிரிக்காவில் தங்கனிக்கா தேசத்தில் காப்பித் தோட்டக்காரர்களுக்கு உதவியாகத் தங்கப்போகிறேன், கூலி இல்லை, சோறும் படுக்கையும் உண்டு என்று நீ எழுதினாயே, அதை நான்தான் அப்பாவுக்கு வாசித்தேன். கடிதத்தை வாங்கி மடித்தார். பிறகு, “எவன் தோட்டத்துலயோ சும்மா கொட்டை பறிக்கவா இவன அனுப்புனேன்? அவன் இந்த வாசல மிதிக்கிற வரைக்கும் எனக்குக் காப்பி வேண்டாம்ளா” என்று சொல்லி டம்ளரை நகர்த்தி வைத்தார். அன்றோடு சரி. காப்பி விற்கிற மனிதர் சுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டு வியாபாரம் செய்தார். “என்ன அண்ணாச்சி, உங்க சரக்கு உங்களுக்கே ஆகலையா?” என்று வாங்க வருகிறவர்கள் கேலி செய்வார்களாம். டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார் என்று எல்லோரிடமும் ஒரே பொய்தான். நான் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, வாசம் கூடத்துக்குப் போகாமல் என் காப்பியைக் குடிப்பேன். உனக்கு எழுதட்டுமா என்று கேட்டதற்கு, “எழுதாத. நீ கூப்ட்டு அவன் வந்தா அது வந்ததாகாது” என்றார்.

ஆனால் கோபம் அந்த டம்ளரோடு நின்றது. உன் கடிதம் வந்தால் பழம் பறிப்பதும், தோல் எடுப்பதும், பாயில் காயப்போடுவதும் வருகிற பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வார். “ஈரத்தோட மூட்டை கட்டிருவானுக, கடிச்சுப் பாக்கச் சொல்லு. பல்லு பதிஞ்சா இன்னும் காயணும்” என்பார். மேகம் கறுத்தால் பாயோடு உள்ளே எடு, மிளகாய் இருந்த சாக்கில் கொட்டாதே என்றெல்லாம் நான் எழுதினேனே, சித்திக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நீ கூட வியந்து எழுதியிருந்தாய். நூல்நிலையத்து அட்லஸில் உன் மலையைத் தேடிப் பார்த்ததுதான் எனக்குத் தெரிந்தது. மற்றதெல்லாம் அவர் சொன்னது.

பதினாறாம் நாள் படையலில் உன் அத்தை சின்னத்தாய், தம்பிக்குப் பிடித்தது என்று டம்ளர் நிறையக் காப்பி கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் எடுத்துவிட்டேன். “பெத்தவ இருந்தா பிள்ளைய எப்பவோ வரவழைச்சிருப்பா. இவ சித்திதான? செத்தவனுக்கு வச்ச காப்பியக்கூட எடுத்துட்டா பாருங்க” என்று கூட்டத்துக்கு நடுவே சொன்னாள். உன்னைவிடப் பத்து வயதே மூத்தவள் நான், உனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த என் கையில் உன்னைக் கொடுத்தார்கள். அந்தச் சொல் சுட்டது. ஆனாலும் அவர் மறைத்ததை அவர் படத்துக்கு முன்னால் நின்று நான் எப்படிச் சொல்வது? 

நீ கேட்டதற்கு இப்போது பதில். அங்கே பழம் பழுத்து நிற்கிறது, ஆள் போதவில்லை என்று முன்பே எழுதியிருந்தாய். கொள்ளியும் முடிந்தது, காரியமும் முடிந்தது. பாதியில் விட்டு ஓடிவர வேண்டியதில்லை. வா என்று நான் எழுத மாட்டேன், அது அவர் வேண்டாம் என்றது. இதையெல்லாம் சொல்வதே கூப்பிடுவதுதானே என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது.

அவருடைய டம்ளரைக் கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன், யாரையும் தொட விடுவதில்லை. நீயாக வருகிற அன்று உன் கையால் காப்பி போட்டு நீயே அவருக்கு வை. மலைக்குளிரில் வெறும் மார்போடு திரியாதே, வாரம் ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக் குளி. அப்பாவின் ஆசி உனக்குக் குறையாது, என்னுடையதும் உண்டு. மறந்துவிடாதே, வரும்போது நீ பறித்த கொட்டையில் ஒரு படி கொண்டு வா. கடித்துப் பார்த்து எடு.

இப்படிக்கு,
உன் சித்தி
லட்சுமிகாந்தம்