இன்னொருத்தி வாசித்த வசனம்

ஸ்விஷ்டோவ்,
9 அக்டோபர் 1994

போகோமில்,

நலமாகத்தான் இருப்பாய். நேற்று முழுவதும் உன் குரலைக் கேட்டேன், தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை.

ஆமாம், ரூசேவுக்கு வந்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. பட விழாவின் முதல் நாள், காலையிலிருந்து சாயங்காலம்வரை நான்கு படங்கள். கடைசி வரிசையில் தூணை ஒட்டி உட்கார்ந்தேன். எல்லாம் முடிந்ததும் மாடி ஏறி வந்து, "சரி, வீட்டுக்குப் போலாம் வா" என்று உன் முன்னால் நிற்பதாக இருந்தேன். எட்டு மாதமாக அக்கா வீட்டில் இருந்தது போதும் என்று துணிமணியெல்லாம் பெட்டியில் அடுக்கிக்கொண்டுதான் வந்தேன்.

முதலில் இத்தாலியப் படம். நம் அரங்கில் திரைக்கடியில் எழுத்து ஓடாது. மாடிக் கூண்டில் இரண்டு பேர் உட்கார்ந்து நம் மொழியில் வாசித்தால்தான் உண்டு. பதினோரு வருடமாக ஆண்களுக்கெல்லாம் நீ, பெண்களுக்கெல்லாம் நான். நான் இல்லாத இந்த வருடம் பெண்களுக்கும் சேர்த்து நீயே வாசிப்பாய், பாவம், தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒருத்தி வாயைத் திறந்தாள். ஒலிபெருக்கியில் யாரோ ஒரு சின்னப் பெண் பேசினாள்.

யார் அவள்?

நாலு படம், போகோ. முதல் படத்தில் "போகாத, நீ இல்லாம எனக்கு இந்த வீட்ல என்ன இருக்கு" என்று அவளிடம் கெஞ்சினாய். இரண்டாவதில் கல்யாணம் செய்துகொண்டீர்கள். மூன்றாவதில் உனக்கு நெஞ்சுவலி வந்தது, அவள் அழுதாள். நான்காவதில் முக்கால்வாசி நேரம் கட்டிலிலேயே இருந்தீர்கள். ஊரே உட்கார்ந்து கேட்டது. எழுதிக் கொடுத்த தாளைத்தான் வாசிக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் வயிறு எரிந்தது. தோளோடு தோள் இடிக்காமல் அந்தக் கூண்டில் இரண்டு பேர் உட்கார முடியாது என்பதும் எனக்குத்தானே தெரியும்.

இடைவேளையில் டிக்கெட் கிழிக்கும் ஸ்டோயான்கா பிடித்துக்கொண்டாள். "அடி ராலி, நீயா? மேல உன் நாற்காலியில வேற ஒருத்தி உக்காந்திருக்கா, நீ டிக்கெட் எடுத்துக் கீழ உக்காந்திருக்க. நல்லா இருக்குடி உன் கதை" என்றாள். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே என் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தாள்.

இன்னொன்றும் உறுத்தியது. நீ வாசித்தது எப்போதும்போல் இல்லை. என்ன மாறியிருக்கிறது என்று பிடிபடவில்லை, அதனால் ஆத்திரம் இன்னும் கூடியது. மாடி ஏறாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அவள் யார் என்று மட்டும் எழுது.

ராலிட்சா

---

ரூசே,
12 அக்டோபர்

என் அன்பு ராலி,

எட்டு மாதத்தில் முதல் கடிதம், அதுவும் சண்டைக் கடிதம். பரவாயில்லை, உன் கையெழுத்தைப் பார்த்ததே பெரிது.

அவள் பெயர் டெசி. கல்லூரியில் படிக்கிறாள், இருபத்திரண்டு வயது. நீ வரமாட்டாய் என்று தெரிந்ததும் விழாக்காரர்கள் அனுப்பிய பெண். அவளுக்கு நான் அப்பா மாதிரி. அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் காதல் செய்கிறேன் என்று நீ நினைத்தால், அதைவிடப் பெரிய நகைச்சுவைப் படம் இந்த விழாவில் இல்லை.

சரியான கறார் பேர்வழி அவள். முதல் நாளே சொல்லிவிட்டாள்: "ஐயா, என் வரி முடியறதுக்குள்ள நீங்க ஆரம்பிச்சீங்கன்னா நான் எழுந்து போயிடுவேன். அப்புறம் பொம்பளைங்களுக்கும் நீங்களே பேசிக்குங்க." என்ன செய்வேன்? அவள் முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

பெட்டியோடு வந்தவள் படி ஏறாமல் போய்விட்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. பிப்ரவரியில் எதற்காகப் போனாய் என்றும் நீ இன்றுவரை சொல்லவில்லை. நான் குடிக்கிறேனா, அடித்தேனா? விருந்தாளிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், பாதியில் எழுந்து போனாய். ஒன்றும் புரியாமல் இருக்கிறேன்.

ஞாயிறோடு விழா முடிகிறது. திங்கட்கிழமை வந்துவிடு. குளிர்காலத்துக்குச் சுட்டு ஜாடியில் போட வாங்கிய குடைமிளகாய் இரண்டு மூட்டை பால்கனியில் சுடாமல் கிடக்கிறது. தனியாக உட்கார்ந்து சுட எனக்கு மனசு வரவில்லை.

உன் போகோ

---

ஸ்விஷ்டோவ்,
17 அக்டோபர்

போகோ,

டெசியைப் பற்றி நீ எழுதியதை நம்புகிறேன். நம்பிவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்கும் என்று நினைத்தேன். கூடிவிட்டது.

நேற்று மறுபடியும் வந்தேன். இந்த முறை திரையைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கணவனும் மனைவியும் சண்டை போடும் படம். அவள் பேசினாள். இழுத்தாள், யோசித்தாள், நிறுத்தினாள், மறுபடி பேசினாள். நீ காத்திருந்தாய். அவள் சொல்லி முடித்த பிறகுதான் உன் குரல் வந்தது. முதல் நாள் எனக்குப் பிடிபடாமல் போனது இதுதான்.

பதினோரு வருடமும் என் வரி முடியும் முன்பே உன் வரி வந்து விழும். மேஜைக்கு அடியில் உன் காலை மிதிப்பேன். நீ அதைக் கொஞ்சல் என்று நினைத்துச் சிரிப்பாய். வீட்டிலும் அப்படித்தான். நான் எதையாவது ஆரம்பித்தால் மீதியை நீயே சொல்லி, அதற்குப் பதிலையும் நீயே சொல்வாய். பிப்ரவரியில் அந்தச் சாப்பாட்டில், என் அம்மா இறந்த அன்று என்ன நடந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் நீ வாங்கி முடித்து வைத்தாய். தப்பாக முடித்து வைத்தாய். எழுந்து வந்துவிட்டேன். ஏன் என்று நீ கேட்டபோது சொல்ல எனக்கே வார்த்தை கிடைக்கவில்லை. இப்போது கிடைத்துவிட்டது.

அவள் உன் காதலியாக இருந்திருந்தால் முடியைப் பிடித்து நாலு இழுப்பு இழுத்திருப்பேன், மனசு ஆறியிருக்கும். புதிதாக வந்த ஒரு பெண், ஒரே ஒரு பேச்சில், நான் பதினோரு வருடம் கேட்டதை உன்னிடம் வாங்கிக்கொண்டாள். உனக்கு அது வராது, நீ பிறந்த விதம் அப்படி என்றுதான் இத்தனை நாள் பொறுத்தேன். வரும் என்று தெரிந்த பிறகு பொறுக்க முடியவில்லை.

உன்னை எனக்குத் தெரியும், இதுவரை படித்ததுமே பதில் எழுத உட்கார்ந்துவிடுவாய். கொஞ்சம் பொறு. இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது.

நான் வரவில்லை.

ராலிட்சா