பழைய பரீட்சையின் கடைசி நாள்

செப்டம்பர் 4

காலையில் முதல் ஆளே தோள்பட்டை. ஏணியிலிருந்து விழுந்த பெயின்டர். "மூச்சைப் பிடிங்க" என்றால் கண்ணையும் சேர்த்து இறுக மூடிக்கொள்கிறார். படம் எடுக்கப் போகிற நேரத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து, என்னோடு பரீட்சைக்குப் படிக்கிற தடிக் கண்ணாடித் தோழி சோடாபுட்டி ஓடி வந்தாள். எக்ஸ்ரே அறை வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் கதவைத் தட்டக் கூடாது. தட்டினாள்.

"மாத்திட்டாங்கடி!"

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வை மாற்றிவிட்டார்கள். இப்போது இருக்கிற தேர்வு ஜனவரி 24-ஆம் தேதியோடு சரி. மே மாதத்திலிருந்து புதுசு. இயற்பியல், வேதியியல், உயிரியலோடு 'மனமும் சமூகமும்' என்று ஒரு பகுதி சேர்கிறது. அரை நாள் தேர்வு முழு நாளாகிறது. பக்கம் பக்கமாகப் படித்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டுமாம்.

போன வருடம் எழுதி இயற்பியலில் வழுக்கி விழுந்தவள் நான். ஒருவர் மொத்தம் மூன்று தடவைதான் எழுதலாம். ஒன்று போய்விட்டது. அடுத்ததை எங்கே வைப்பது - ஜனவரியிலா, மே மாதத்திலா?

உள்ளேயிருந்து பெயின்டர் குரல் கொடுத்தார். "மேடம், மூச்சு விடலாமா?"

செப்டம்பர் 5

இவரிடம் சொன்னேன். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் பழைய பிரஷ்ஷால் நகக்கண்ணில் இருக்கிற கிரீஸைத் தேய்ப்பார். தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"எது சரின்னு படுது உனக்கு?"

"தெரியலைங்க. அதுக்குத்தானே உங்களைக் கேக்கறேன்."

"உன் இஷ்டம்மா. எதுன்னாலும் எனக்குச் சரிதான்."

சுள்ளென்று கோபம் வந்தது. என்ன தப்பாகச் சொல்லிவிட்டார்? எத்தனை வீட்டில் இப்படிச் சொல்வார்கள்?

ஆனாலும் கோபம்தான்.

செப்டம்பர் 13

ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். அக்கா போனில்: "இருக்கறத விட்டுட்டுப் பறக்கறதுக்கு ஆசைப்படாதடி. தெரிஞ்ச பரீட்சை. எழுதித் தொலை." சோடாபுட்டி மே மாதம் என்று முடிவு செய்துவிட்டாள். "புதுசுன்னா எல்லாருக்கும் புதுசு. கேள்வி போடறவங்களுக்கே முதல் தடவை உதறும்." எக்ஸ்ரே பிரிவுத் தலைவர், "ஆழம் தெரியாம காலை விடாதே" என்றார். எதில் என்று கேட்டேன். "பொதுவாச் சொன்னேன்."

மதில்மேல் பூனையாவது கடைசியில் ஏதாவது ஒரு பக்கம் குதிக்கும். நான் மதிலையே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

செப்டம்பர் 22

ஜனவரிக்குப் பதிவு செய்துவிட்டேன். இடம் நிரம்பிவிடும் என்று சொன்னார்கள், கை தானாகப் போய் அழுத்திவிட்டது. இது முடிவா, பயமா?

அக்டோபர் 9

சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் குடித்த இவர், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

"ஆபீஸ்ல ஒண்ணு கேட்டாங்க."

வேறு ஊரில் கிளை திறக்கிறார்கள். பஸ்ஸில் ஏழு மணி நேரம். இவருக்கு அங்கே மேற்பார்வையாளர் வேலை. லிஃப்ட் குழிக்குள் இறங்க வேண்டாம், இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டால் போதும். போன வருடம் குழிக்குள் முட்டி அடிபட்டதிலிருந்து மாடிப்படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறார். நான் பார்த்தால் கையை எடுத்துவிடுவார்.

"எப்ப சொல்லணும்?"

"பிப்ரவரி கடைசிக்குள்ள. நீ பரீட்சையப் பாரு. அவசரம் ஒண்ணுமில்ல."

ஜனவரியில் எழுதினால் பிப்ரவரி நடுவில் மதிப்பெண் வந்துவிடும். எனக்கு இடம் கிடைக்குமா, எந்த ஊரில் என்று ஓரளவு தெரிந்துகொண்டு இவர் பதில் சொல்லலாம். மே மாதம் எழுதினால் ஜூலை ஆகிவிடும். இவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பதில் சொல்ல வேண்டும்.

இதை அவர் சொல்லவில்லை. சொல்லாமல் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

அக்டோபர் 10

ஜனவரிதான். முடிந்தது. இனி யோசிக்கக் கூடாது.

அக்டோபர் 12

யோசிக்கிறேன்.

நவம்பர் 6

எழுதக் கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

லாரி ஓட்டுநர் ஒருவருக்கு மணிக்கட்டு. படத்தின் ஓரத்தில் வலதா இடதா என்று காட்ட ஒரு சின்ன ஈய எழுத்தை வைப்போம். வலது கைக்கு இடது எழுத்தை வைத்திருக்கிறேன். மனதுக்குள் சாய்வுப் பலகையில் ஒரு பந்து உருண்டுகொண்டிருந்தது, அதன் வேகம் என்ன என்று. டாக்டருக்குப் போகும் முன் தலைவர் கண்ணில் பட்டுவிட்டது.

"இந்த ஆளுக்கு எந்தக் கைம்மா வீங்கியிருக்கு?"

"வலது கை சார்."

"படம் என்ன சொல்லுது?"

பார்த்தேன். இடது என்றது. அவர் திட்டவில்லை. "திரும்ப எடு. எடுத்துட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அந்த ஓட்டுநரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா, கைதானே, எங்கயும் ஓடிடல" என்று சிரித்தார்.

டாக்டராகப் புறப்பட்டவள் கையில் இருக்கிற வேலையைக் கோட்டை விடுகிறேன். இது என்ன படிப்பு?

நவம்பர் 19

சோடாபுட்டி புதுத் தேர்வின் மாதிரித் தாளைக் கொண்டுவந்தாள். சும்மா ஒரு பார்வை பார்க்கலாம் என்று பஸ்ஸில் பிரித்தேன். நெஞ்சு வலியோடு வீட்டுக்கு வந்த ஒருவர் மனைவியிடம் 'அசதி' என்று மட்டும் சொல்கிறார். ஏன்? அதைப் பற்றி ஒரு பக்கம், பிறகு ஐந்து கேள்விகள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அந்த ஆளைத் தினமும் பார்க்கிறேனே. விலா எலும்பு உடைந்திருக்கும். "ஒண்ணுமில்ல மேடம், லேசான வலிதான்." வெளியே மனைவி உட்கார்ந்திருந்தால் இன்னும் லேசாகிவிடும்.

ஐந்தும் சரி. ஒரு கேள்வித்தாள் கையில் இருக்கும்போது கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

சோடாபுட்டி கேட்டதற்கு "சுமார்" என்றேன். இந்தப் பொய் எதற்கு?

டிசம்பர் 5

மாதிரித் தேர்வு, பழைய முறை. இயற்பியலில் போன வருடத்தைவிட இரண்டு மதிப்பெண் கூட. இரண்டே இரண்டு.

டிசம்பர் 20

இன்று சண்டை. காரணம் டி.வி. நான் படிக்கிறேன் என்று இவர் சத்தத்தை நிறுத்திவிட்டு மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தத்த வைங்க! எனக்காக எதுக்கு ஊமைப் படம் பாக்கறீங்க?"

"நீ படிக்கிறியேன்னு..."

"எல்லாம் எனக்காக. எல்லாம் என் இஷ்டம். உங்க இஷ்டம்தான் என்ன? ஒரே ஒரு தடவை வாயத் திறந்து சொல்லுங்களேன்!"

டி.வி.யில் யாரோ அவுட்டாகிக் கையை உதறிக்கொண்டு போனார். இவர் அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"போகணும்னு இருக்கு. முட்டி முடியல. இன்னும் பத்து வருஷம் குழிக்குள்ள எறங்க என்னால ஆகாது. நீயும் வந்தா நல்லாருக்கும். இத முன்னாடியே சொல்லியிருந்தா எனக்காக நீ ஜனவரில எழுதுவே. அதான் சொல்லல."

"நான் உங்களுக்காகத்தான் ஜனவரில எழுதறேன்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் முடியவில்லை. மாதக்கணக்கில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தே கழுத்தை நெரித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

பதிவை ரத்து செய்யும் தேதியும் போய்விட்டது. எழுதத்தான் வேண்டும்.

ஜனவரி 23

படித்ததெல்லாம் எங்கே போயிற்று? ஆனது ஆகட்டும்.

ஜனவரி 24

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

கைரேகை எடுத்தார்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். தடுப்பு வைத்த மேஜை, ஒரு கணினி. பக்கத்துத் தடுப்பில் ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். உயிரியல் ஓடியது. வேதியியல் நடந்தது. இயற்பியல் வந்ததும் நான்காவது கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. கடைசிப் பத்தில் பாதிக்குமேல் குருட்டாம்போக்கு.

எல்லாம் முடிந்த பிறகு திரையில் ஒரு கேள்வி வரும். இந்தத் தேர்வை மதிப்பிடலாமா, ரத்து செய்யலாமா? ரத்து செய்தால் மதிப்பெண்ணே கிடையாது, ஆனால் ஒரு வாய்ப்பு கழிந்தது கழிந்ததுதான். மதிப்பிட்டால் அது பதிவில் நிற்கும். கல்லூரிகள் எல்லாத் தடவையையும் சேர்த்துச் சராசரி பார்க்கும். யோசிக்க ஐந்து நிமிடம். மூலையில் நொடிகள் குறைந்துகொண்டே வந்தன.

'மதிப்பிடு' பக்கம் கை போனது. பிப்ரவரியில் ஏதாவது ஒன்று தெரிந்துவிடும். குறைந்த மதிப்பெண் வந்தாலும்... வந்தாலும் என்ன? அப்போது நான் இவரோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முயற்சி செய்தாள், பாவம்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. தோற்றாலும் போதும், முடிவு என்று ஒன்று வந்தால் சரி என்று ஆசைப்பட்டிருக்கிறேன். செப்டம்பரிலிருந்து ஆசைப்பட்டது இதற்குத்தானா?

ரத்து செய்தேன். உறுதிதானா என்று இன்னொரு தடவை கேட்டது. உறுதி.

வெளியே இவர் வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றார். வழியில் சொல்லலாம், வீட்டில் சொல்லலாம் என்று ஒத்திப்போடவில்லை. ஹெல்மெட்டை வாங்கும்போதே சொல்லிவிட்டேன். இவர் ஹெல்மெட் பட்டையை எனக்கு மாட்டிவிட்டார். அதைக் குழந்தைக்குச் செய்வதுபோலச் செய்தார்.

"அப்ப பிப்ரவரில நான் என்ன சொல்லட்டும்?"

"போறேன்னு சொல்லுங்க."

"நீ?"

"மே மாசம் எழுதறேன். அதுதான் கடைசி. அதுக்கப்புறம் எந்த ஊரோ, அந்த ஊர்."

கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. கோபம் இல்லை. ஆனால் சந்தோஷமும் இல்லை.

ஜனவரி 25

அக்காவிடம் சொன்னேன். போனை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே கூப்பிட்டு, "கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு மறுபடி வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 26

இவர் சரி என்று சொல்லிவிட்டார். ஜூன் முதல் வாரம் போகிறார்.

மார்ச் 15

சோடாபுட்டியும் நானும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேள்வி கேட்டுக்கொள்கிறோம். இயற்பியலை அவள் சொல்லித்தருகிறாள். மனம், சமூகம் என்றால் நான். போன மாதத்திலிருந்து சீக்கிரம் தூங்குகிறேன். தலைவர் என் படங்களை இப்போது இரண்டாம் தடவை பார்ப்பதில்லை.

மே 16

முழு நாள். கழுத்து போய்விட்டது. புதுப் பகுதி நன்றாக இருந்தது. இயற்பியல்... தெரியவில்லை. கடைசியில் அதே கேள்வி வந்தது. உடனே மதிப்பிடு என்று கொடுத்துவிட்டு எழுந்தேன்.

ஜூன் 4

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். வீட்டில் இரண்டு டம்ளரை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். நான் தனியாக இருந்ததே இல்லை. இவருக்கும் அப்படித்தான் இருக்கும். போன் வந்தது. "சாப்டியா?" "நீங்க சாப்டீங்களா?"

ஜூலை 9

வந்துவிட்டது. புதுப் பகுதியில் உச்சத்துக்குப் பக்கத்தில். இயற்பியல் கரையேறிவிட்டது, அவ்வளவுதான்.

சோடாபுட்டிக்குப் போதாது. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எனக்கு இன்னும் ரெண்டு பாக்கி இருக்குடி" என்றாள். அவளுக்கு என்ன சொல்வது? என் இயற்பியல் மதிப்பெண்ணே அவள் சொல்லித்தந்து வந்தது.

ஆகஸ்ட் 2

இடம் கிடைத்தது இந்த ஊர்க் கல்லூரியில். இவர் இருக்கிற ஊரில் இல்லை. போனில் சொன்னதும் இவர் கத்தினார், பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். பிறகு இரண்டு பேரும் ஒரே கணக்கைப் போட்டோம். ஐந்து வருடம்.

செப்டம்பர் 21

நேற்றுக் காலை இவர் வந்தார். மேஜையில் தட்டை வைக்கப் போனவர் அட்டைப் பெட்டியைத் திறந்துவிட்டு ஒரு துள்ளு துள்ளினார்.

"என்னது இது, நிஜ எலும்பா?"

"பின்ன, பிளாஸ்டிக்கா? நாளான்னைக்குப் பரீட்சை."

சாப்பாட்டை அடுப்படியிலேயே நின்றுகொண்டு சாப்பிட்டார். பிறகு என் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். ஒரு எலும்பின் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. நானும் அவர் சொன்ன மாதிரியே பதில் சொன்னேன். படிகளில் சுவரைப் பிடிக்காமல் இறங்கினார்.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கேட்டார். "அடுத்த வாரம் நான் வரட்டுமா, நீ வர்றியா?"

"நான் வர்றேன்."

பஸ் திரும்பி மறைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, நான் அங்கே போய்த் திரும்புகிற நாளுக்கு மறுநாள் உடலியல் தேர்வு. போக ஏழு மணி நேரம், வர ஏழு மணி நேரம். படித்துக்கொள்ளலாம்.

டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.